புதிய எருசலேமில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

தரங்கம்பாடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை ஒன்று. சீகன்பால்கு ஐயர் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடு ஒன்று. அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ஒன்று. நான்காவதாகக் கடற்காற்றைப் பற்றி இரண்டு வரி. எல்லாம் உண்மைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் யார், எங்கே எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டும், அதுவும் புத்தகத்தில் மட்டுமல்லாமல் ஆலய வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன் இல்லை. பிறந்ததும் வேலை பார்த்ததும் காரைக்காலில். இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் பூவம் எல்லை, நண்டலாற்றுப் பாலம், அப்புறம் பொறையார், அதை அடுத்துத் தரங்கம்பாடி. அரைமணி நேரப் பயணம். (அந்தப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இந்தப் பக்கம் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நாங்கள் அங்கே போவது கடல் பார்க்கவும், பழைய சுவர் பார்க்கவும்.) பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் சரித்திரப் புத்தகத்தில் லுத்தர் வருவார். 1517, விட்டன்பெர்க். பிறகு நான்ட் ஆணை, 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தது, புரொட்டஸ்டன்ட்காரர்கள் பிரான்சை விட்டு ஓடியது. இவ்வளவையும் மனப்பாடம் செய்து ப்ரெவே பரீட்சை எழுதினோம். அந்த லுத்தரின் பெயரை வைத்துக்கொண்டு பத்து மைல் தூரத்தில் தமிழ் பேசும் ஒரு சபை இருநூற்றைம்பது வருஷமாக இருக்கிறது என்று ஒரு மெஸ்யேவும் எங்களுக்குச் சொன்னதில்லை. பாரீஸில் அச்சான புத்தகத்தில் பொறையார் எப்படி வரும்?

நிற்க. முதலில் கட்டிடங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேதிகளில் நிறையக் குழப்பம் நடமாடுகிறது.

தரங்கம்பாடியில் முதலில் வந்த லுத்தரன் கோவில் சீயோன் ஆலயம், 1701. அது டேனிஷ் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் வியாபாரிகளுக்குமான கோவில். நம்மவர்களுக்காகக் கட்டியது அல்ல. 1706 ஜூலையில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்றிக் புளூட்சாவ் என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரையும் பிள்ளைகளையும் தம் இருப்பிடத்துக்கே அழைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

எல்லாருக்கும் தெரியாத கதை அடுத்து வருவது. 1707 மே மாதம் அந்தச் சீயோன் ஆலயத்தில் முதன்முதலாக ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அந்த ஐந்து பேர் யார் என்று கேட்டால், நிலபுலம் உள்ள பண்ணையார்களும் இல்லை, படித்த புலவர்களும் இல்லை. டேனிஷ்காரர்கள் வீட்டில் இருந்த அடிமைகள். ஆமாம், விலைக்கு வாங்கிய அடிமைகள். எஜமானர்களும் லுத்தரன், அடிமைகளும் லுத்தரன் என்று ஆனது அன்றைக்குத்தான். எஜமானர்கள் ஆராதனை செய்யும் அதே கோவிலில் அவர்களைத் தொடர்ந்து உட்கார வைப்பது எப்படி? தனிக் கோவில் தேவைப்பட்டது. இரண்டே மாதத்தில் ஒரு சிறிய கட்டிடம் எழும்பி 1707 ஆகஸ்டில் பிரதிஷ்டை ஆயிற்று. அதற்கும் எருசலேம் என்றுதான் பெயர். தமிழிலும் போர்த்துகீசிலும் அங்கே ஆராதனை நடந்தது. கடற்கரை ஊர்களில் அன்றைக்கு ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர்களுக்கும் கலப்பினத்தாருக்கும் போர்த்துகீசுதான் பொது பாஷை.

ஆக, இந்தச் சபைக்குச் சொந்தமான முதல் கட்டிடம் எழுந்ததே 'இவர்கள் எங்கே உட்காருவது' என்ற கேள்வியால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சபை வளர்ந்தது. வேகமாக வளர்ந்தது என்று சொல்ல மாட்டேன். டேனிஷ் கவர்னர் ஹாஸியஸுக்கும் சீகன்பால்குவுக்கும் ஆகவில்லை; 1708 கடைசியில் அவரைப் பிடித்து டான்ஸ்பர்க் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தார். அரசரே அனுப்பிய ஆளை அரசருடைய கவர்னரே சிறையில் போட்டது! சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தலைமையிடம் ஒன்று சொல்லும், இங்கே இருக்கிற அதிகாரி வேறொன்று செய்வார். 1712இல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன, 1714–15இல் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. காகிதம் போதவில்லை என்பதால் எழுத்தைச் சிறிதாக வார்த்தார்கள், பிறகு பொறையார்ப் பக்கத்திலேயே காகிதப் பட்டறை ஒன்றும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர் இருக்கிறது. பட்டறை போய்விட்டது, பெயர் போகவில்லை.

சின்னக் கோவில் போதாமல் 1717 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டு, 1718 அக்டோபர் 11 அன்று திறந்ததுதான் இன்றைக்கு நாம் ராஜா வீதியில் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம். செங்கல், சுண்ணாம்பு, கனத்த சுவர். முகப்பில் பிரெடரிக் அரசரின் கிரீடமும் பெயர்ச் சின்னமும் 1718 என்ற வருஷமும். அதைக் கட்டி முடித்த நான்கே மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு இறந்துபோனார். முப்பத்தாறு வயது. அந்தக் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய உதவியாளர் குருண்டலரும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்து, அதே கோவிலில் இருக்கிறார்.

இதற்கு இடையில் ஒரு சின்னத் திருத்தம். 'இந்தியாவின் முதல் புரொட்டஸ்டன்ட் கோவில்' என்று இதைச் சொல்லுகிற வழக்கம் இருக்கிறது. சரியல்ல. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இலேயே திறந்தது. இந்த ஊரிலேயே சீயோன் ஆலயம் மூத்தது. புதிய எருசலேமின் பெருமை வேறு. வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோவில் அல்ல அது. தமிழ்ச் சபைக்கென்று கட்டியது. அந்தப் பெருமை போதாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவத்தில் கட்டிய கோவில். நான்கு பக்கமும் நான்கு கைகள், நடுவில் எல்லாரும் பார்க்கும் இடம். பார்க்க அழகு. ஆனால் ஆட்களைத் தனித்தனியாக உட்கார வைப்பதற்கும் இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. ஆண்கள் தனி, பெண்கள் தனி என்பது எல்லாக் கோவிலிலும் உண்டு, அதை விடுங்கள். மிஷனரிகள் தங்கள் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் 'சூத்திரர்' என்று எழுதியது வேளாளர் முதலானவர்களை. அவர்கள் ஒரு பக்கம். 'பறையர்' என்று எழுதிய மக்கள் இன்னொரு பக்கம். ஒரு சாரார் பாயில், இன்னொரு சாரார் வெறுந்தரையில், நடுவே இடைவெளி விட்டு. ஒரே பிரசங்கம், ஒரே பாட்டு, ஒரே வேதம். தரை மட்டும் வேறு.

மிஷனரிகள் இதை விரும்பினார்களா என்றால், முழு மனதோடு விரும்பவில்லை என்றுதான் அவர்களுடைய எழுத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. ஆனால் விட்டுவிட்டார்கள். இல்லாவிட்டால் வேளாளர்கள் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சபை வளர வேண்டுமே. 'வளர்ச்சி' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருவது இதனால்தான்.

இந்தக் கணக்குக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். ஆரோன், இராஜநாயக்கன்.

ஆரோன் கடலூர்க்காரர். வேளாளர். சீகன்பால்கு கையால் ஞானஸ்நானம் பெற்றவர். உபதேசியாராக இருந்து, 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் லுத்தரன் குரு அவர்தான். மாயவரம் பக்கத்து ஊர்களை எல்லாம் சுற்றி ஊழியம் செய்து 1745இல் இறந்தார். உழைப்பாளி. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு உத்தேசம் இல்லை.

இராஜநாயக்கன் தஞ்சாவூர் மராத்திய ராஜாவின் படையில் சேவகராக இருந்தவர். பறையர் குலம். முதலில் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்து, அதைத் தானே படித்து, தானே யோசித்து, 1720களில் லுத்தரன் சபைக்கு வந்தார். கவனியுங்கள், அவரை யாரும் போய் அழைக்கவில்லை. அச்சு இயந்திரத்துக்கு அவ்வளவு பாடுபட்டார்களே, அந்தப் பாட்டுக்கு நேரடிப் பலன் என்று காட்டுவதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடையாது. தஞ்சாவூர்ச் சீமையில் உபதேசியாராக வருஷக்கணக்கில் உழைத்தார். அங்கே சபை வேர் விட்டதில் பெரிய பங்கு அவருடையது.

1741இல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. இராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. தகுதியில் குறை இல்லை. ஆனால் அவர் கையால் வேளாளர்கள் திருவிருந்து வாங்குவார்களா என்ற கேள்வி எழுந்தது. வாங்க மாட்டார்கள் என்று பதிலும் வந்தது. தியாகு என்ற இன்னொரு உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

சர்க்கார் ஆபீஸில் சர்வீஸ் போட்டவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். சீனியாரிட்டி இருக்கும், வேலை தெரியும், பைல் மேலே போகும், திரும்பி வரும்போது பெயர் மாறியிருக்கும். காரணம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. காரணத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

லுத்தரன் சபையை மட்டும் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பிரெஞ்சுப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். 1745, துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்த காலம். புதுச்சேரிக் கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. எங்கள் காரைக்கால் கோவிலின் பாதிரியார் அங்கே போனபோது, இதென்ன அநியாயம் என்று அங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிந்தது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு வந்து சண்டை பிடித்தார்கள். பிள்ளை இந்தக் கூத்தை எல்லாம் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு அந்தச் சுவர் இருந்ததும் தெரியாது, இடிந்ததும் தெரியாது, காரைக்கால் பாதிரியாரின் தைரியமும் தெரியாது. காரைக்கால்காரன் என்ற முறையில் அந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மறுபடி தரங்கம்பாடிக்கு வருவோம். சபை ஊரைத் தாண்டிப் பரவியது. 1746இல் பொறையாரில் பெத்லெகேம் ஆலயம். 1750இல் சுவார்த்தையர் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போய், திருச்சியிலும் தஞ்சைக் கோட்டைக்குள்ளும் கோவில் கட்டினார். சரபோஜி ராஜா அவர்மேல் வைத்திருந்த பிரியமும், தஞ்சைக் கோவிலில் வைத்த பளிங்குச் சிற்பமும் நாம் எல்லாரும் அறிந்தவை. ஆனால் அந்தச் சபைகள் கம்பெனியின் ஆட்சிக்குள் இருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மெதுவாக ஆங்கிலிக்கன் சபையின் கைக்குப் போய்விட்டன. லுத்தரன் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது தரங்கம்பாடியும் சுற்று வட்டாரமும்தான். அதுவும் இளைத்துப் போயிருந்தது. 1845இல் டென்மார்க் அரசு ஊரையே கம்பெனிக்கு விற்றுவிட்டது. சீயோன் ஆலயமும் ஆங்கிலேயர் பக்கம் போய், இன்றைக்குத் தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. எதிர்ப்புறம் புதிய எருசலேம் லுத்தரன் கையில். ஒரே வீதியில் இரண்டு கோவில், இரண்டு சபை. வெளியூர்க்காரர்கள் கேட்டுக் குழம்புவது இதனால்தான்.

டேனிஷ் மிஷனின் சொத்துகளையும் சபையையும் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு லுத்தரன் சபை தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் எல்லாம் திரும்பத் தலைதூக்கியது. எப்படி? இங்கேதான் சபை வரலாறுகள் சட்டென்று பக்கத்தைத் திருப்பிவிடுகின்றன.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தனித்தனியாக உட்காருவது, திருவிருந்தில் முந்துவது பிந்துவது எல்லாம் கூடாது என்றார். தஞ்சாவூர், திருச்சி வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எவ்வளவு பெரிய கவிஞர், அவர் பாட்டு இல்லாமல் எந்தச் சபையிலும் பண்டிகை இல்லை. அவரும் அந்த வழக்கில் சாதி வழக்கத்தின் பக்கம்தான் நின்றார். பிறகு லைப்சிக் மிஷனின் தலைவராக வந்த கார்ல் கிரவுல் என்பவர் தமிழ் நன்றாகப் படித்த அறிஞர், திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தவர். சாதி என்பது சமூக வழக்கம், அதை உத்தரவு போட்டு ஒழிக்க முடியாது, காலப்போக்கில் தானே கரையட்டும் என்பது அவர் கருத்து. விளைவு என்னவென்று சொல்ல வேண்டுமா? ஆங்கிலிக்கன் சபையில் மனஸ்தாபப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் லுத்தரன் சபைக்கு வந்து சேர்ந்தார்கள். சபைக் கணக்கு ஏறியது.

கிரவுலை முட்டாள் என்றோ கெட்டவர் என்றோ சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக்காரர் நம் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று நினைத்தது ஒரு வகையில் மரியாதைதான். ஆனால் யாருடைய வழக்கத்தை மதித்தார்? பாயில் உட்கார்ந்தவர்களுடைய வழக்கத்தை. வெறுந்தரையில் உட்கார்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், காலப்போக்கில் கரையட்டும் என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராமம் கிராமமாகச் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணைகளில் கூலி வேலை செய்த தலித் மக்கள். அவர்களுக்குக் கிடைத்த கோவில் கீற்றுக் கொட்டகையும் மண்சுவரும். பகலில் அதுவே பள்ளிக்கூடம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை ஆங்கில சர்க்கார் திருப்பி அனுப்பியது, சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் தன் காலில் நின்றது. பெயரில் தமிழ் வந்தது, பிஷப் நாற்காலியில் வரவில்லை. 1921இல் முதல் பிஷப் சுவீடன்காரரான ஹேமன். தமிழரான மாணிக்கம் ஐயர் பிஷப் ஆனது 1956இல். சீகன்பால்கு வந்து இறங்கி இருநூற்றைம்பது வருஷம் கழித்து! பொறையாரில் உள்ள கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் வந்த வருஷம் நாங்கள் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதை இன்னும் பேசிக்கொண்டிருந்தோம் என்று என் தகப்பனார் சொல்வார்.

இதை எல்லாம் நான் பேச ஆரம்பித்தால், பொறையாரில் இருக்கும் என் நண்பர் ஒருவர், லுத்தரன் சபைக்காரர், பழைய சிநேகிதம், உரிமையோடு சண்டைக்கு வருவார். "ஏங்க, ஆறின புண்ணைக் கிளறுறீங்க? இப்ப யாரு பாயில உக்கார்றா, யாரு தரையில உக்கார்றா? எல்லாரும் பெஞ்சிலதான் உக்கார்றோம்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2004 சுனாமியில் தரங்கம்பாடி பட்ட பாட்டுக்குப் பிறகு, 2006இல் முந்நூறாம் ஆண்டு விழா வந்து, பழைய கட்டிடங்கள் சீராகி, ஊருக்கு ஒரு மலர்ச்சி வந்திருக்கிறது. இந்த நேரத்தில் எதற்கு இது என்று அவர் கேட்கிறார்.

அவருக்கு நான் சொல்லும் பதில் என் உத்தியோகத்திலிருந்து வருவது. வருஷக்கணக்காக எத்தா-சிவில் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். பிறப்பு, விவாகம், மரணம். பிரெஞ்சுக்காரன் போட்ட ஒழுங்கில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதிவில் எழுதியதை ஒருநாளும் சுரண்டக் கூடாது, மை ஊற்றி மறைக்கக் கூடாது. தப்பு என்று திரிபுனால் தீர்ப்புச் சொன்னாலும், பழைய வரி அப்படியே இருக்கும். பக்கத்து ஓரத்தில் இன்ன தேதியில் இன்ன தீர்ப்புப்படி இப்படித் திருத்தம் என்று ஓரக்குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் தம்முடைய தகப்பனாரின் பிறப்புப் பதிவில் 'பேர் ஏன்கொன்யு', அதாவது தகப்பன் பெயர் தெரியாது, என்று இருந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். அவர் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வரியில் ஒரு தாய் இருக்கிறாள். தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு பிள்ளையைத் தன் பெயரால் பதிந்து வளர்த்த தாய். வரியை அழித்தால் அவளுடைய தைரியமும் சேர்ந்து போய்விடும். அவரிடம் அதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நகல் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இராஜநாயக்கன் விஷயமும் அதுதான். அவருக்குக் குருப்பட்டம் மறுத்ததை மறைத்தால், அவர் அதற்குப் பிறகும் சபையை விட்டுப் போகாமல் உழைத்ததும் மறைந்துபோகும். முதல் ஐந்து பேர் அடிமைகள் என்பதை மறைத்தால், சபையின் முதல் வரியே காணாமல் போகும்.

இன்னொன்று. மறைக்கவும் முடியாது. எங்கள் எத்தா-சிவில் பதிவுகளின் நகல் கடல் தாண்டிப் போக வேண்டும் என்று 1776இலேயே அரச ஆணை போட்டுவிட்டார்கள். இங்கே கரையான் அரித்தாலும் அங்கே எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கும். அதேபோலத் தரங்கம்பாடி மிஷனரிகள் எழுதியதும் ஹாலேக்குப் போயிற்று. 1710 முதல் அந்த அறிக்கைகளை அங்கே அச்சிட்டார்கள். கடிதங்கள், ஓலைகள், நாட்குறிப்புகள் எல்லாம் பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. யார் பாயில் உட்கார்ந்தது, யார் தரையில் உட்கார்ந்தது என்பதை ஜெர்மனியில் உட்கார்ந்து ஒரு மாணவன் படித்துவிடலாம். பொறையார்ப் பிள்ளை தன் ஊர்க் கோவில் வாசலில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது என்றால் அது நமக்கு அழகா?

நண்பர் கடைசியில், "சரிங்க, அப்படி என்னதான் எழுதணுங்கிறீங்க, எழுதிக் கொடுங்க பாப்போம்" என்றார். சவாலாகத்தான் சொன்னார். நான் எழுதியே கொடுத்துவிட்டேன். அதை இங்கேயும் தருகிறேன்:

"1707: இந்தச் சபையில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவர் டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். 1718: இந்த ஆலயம் கட்டி முடிந்தது. இதற்குள் மக்கள் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். 1733: ஆரோன், முதல் தமிழ்க் குரு. 1741: உபதேசியார் இராஜநாயக்கனுக்குச் சாதியின் பொருட்டுக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. 1956: மாணிக்கம், முதல் தமிழ்ப் பிஷப்."

ஐந்து வருஷம், ஆறு வாக்கியம். அரசரின் கிரீடத்தை எடுக்கச் சொல்லவில்லை, சீகன்பால்குவின் பெயரைக் குறைக்கவும் சொல்லவில்லை. தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே இருக்கட்டும். சபைக் கமிட்டியில் வைக்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகரப் பலகை மட்டும் வேண்டாம், அந்தக் கடற்கரை உப்புக் காற்றில் இரண்டு வருஷம் தாங்காது, கருங்கல்லில் வெட்டச் சொல்லுங்கள் என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டு வந்தேன்.